போலரைசர் ஃபில்டர் உண்மையில் என்ன செய்கிறது?

வெளியில் போய்ப் படம் எடுக்க ஆரம்பிக்கிற எல்லோரிடமும் யாராவது ஒருவர் சீக்கிரமே இதைச் சொல்லிவிடுவார்: "வானம் நல்லா நீலமா வரணுமா? ஒரு சிபிஎல் வாங்கி மாட்டிடுங்க." சிபிஎல் என்று அவர் சொல்வது லென்ஸ் முன்னால் திருகி மாட்டுகிற போலரைசர் ஃபில்டரைத்தான். வாங்கி மாட்டியதும் ஒரு நாள் வானம் அடர்நீலமாக, மேகம் தனியாகத் துருத்திக்கொண்டு, இலைகள் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி வருகின்றன. மறுநாள் அதே ஃபில்டர், அதே லென்ஸ், ஒன்றுமே நடக்கவில்லை. படம் கொஞ்சம் இருட்டானதுதான் மிச்சம். உடனே ஃபில்டர் மட்டமானது, இன்னும் விலை கூடியதாக வாங்கியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் ஃபில்டர் மேல் குற்றமே இருக்காது. நீங்கள் நின்ற இடமும் சூரியன் இருந்த இடமும்தான் காரணம்.

இந்த ஒரு கண்ணாடித் துண்டைப் பற்றி உலவுகிற கருத்துகளுக்குக் கணக்கில்லை. கலர் கூட்டும் ஃபில்டர் என்கிறார்கள். வெயில் அடித்தால் மட்டுமே வேலை செய்யும் என்கிறார்கள். இப்போதெல்லாம் லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளிலேயே செய்துகொள்ளலாம், இது தண்டச் செலவு என்றும் சொல்கிறார்கள். இவை எல்லாமே தவறு, அல்லது பாதி உண்மை. உள்ளே நடப்பது என்ன என்று ஒருமுறை புரிந்துவிட்டால் எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. இயற்பியல் பயம் வேண்டாம், ஒரு கயிறு போதும்.

முதலில் ஒரு இலையைப் பாருங்கள்

ஒரு மாவிலையைப் பறித்து ஜன்னல் பக்கம் கையில் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் பச்சை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் ஒரு கட்டத்தில் அதன் மேல் வெள்ளையாக ஒரு பளபளப்பு ஏறி, பச்சை வெளிறிப்போகும். அந்த வெள்ளை இலையின் நிறம் கிடையாது. இலையின் மேல்தோலில் மெழுகு போன்ற ஒரு படலம் இருக்கிறது. அது வெளியே இருக்கிற வானத்தை அப்படியே பிரதிபலிக்கிறது. கண்ணுக்கு வருவது இரண்டும் கலந்தது: இலைக்குள் போய் வந்த பச்சை ஒளி கொஞ்சம், மேல்பரப்பில் பட்டுத் தெறித்த வான வெளிச்சம் கொஞ்சம்.

இப்போது போலரைசரைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் அந்த வெள்ளை மறைந்து, நரம்பு நரம்பாக முழுப் பச்சை தெரியும். இந்தப் பச்சையை ஃபில்டர் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது, மேலே இருந்த பூச்சை மட்டும் இது எடுத்துவிட்டது. போலரைசருக்குக் கூட்டத் தெரியாது, கழிக்க மட்டுமே தெரியும். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை ஒளியை மட்டும்தான் கழிக்கும். அந்த வகை ஒளி உங்கள் காட்சியில் இல்லையென்றால் அதற்கு வேலையே இல்லை.

சரி, அது என்ன வகை?

ஜன்னல் கம்பியும் கயிறும்

செங்குத்துக் கம்பிகள் போட்ட ஜன்னல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீளமான கயிற்றைக் கம்பிகளுக்கு நடுவே விட்டு, மறுமுனையை யாரையாவது பிடிக்கச் சொல்லிவிட்டு, உங்கள் முனையை மேலும் கீழுமாக உதறுங்கள். அலை கம்பிகளுக்கு நடுவே எந்தத் தடையும் இல்லாமல் போய்விடும். அடுத்து இடமும் வலமுமாக உதறுங்கள். கம்பியில் மோதி அலை அங்கேயே செத்துவிடும், மறுபக்கம் கயிறு சும்மா கிடக்கும். சாய்வாக உதறினால் அதில் மேல்கீழ் ஆட்டம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மட்டும் அந்தப் பக்கம் போகும்.

ஒளியும் இப்படித்தான். அது முன்னோக்கிப் போகிறது, ஆனால் அதன் ஆட்டம் போகிற திசைக்குக் குறுக்காக நடக்கிறது. சூரியனிடமிருந்து நேரே வருகிற ஒளியில் எல்லாத் திசை ஆட்டமும் சரிசமமாகக் கலந்திருக்கும். சில இடங்களில் பட்டுத் தெறித்த பிறகு அதில் ஒரே பக்கத்து ஆட்டம் மட்டும் மிஞ்சும், அல்லது ஓங்கி நிற்கும். இப்படி ஒரே தளத்தில் ஆடும்படி ஒளி மாறிவிடுவதைத்தான் பள்ளிப் பாடநூலில் தளவிளைவு என்று படித்தோம். எந்தத் தளத்து ஆட்டத்தை விடுவது, எதை நிறுத்துவது என்று தேர்வு செய்கிற கண்ணாடிதான் போலரைசர். திருப்பினால் அந்தத் தேர்வும் கூடவே திரும்பும்.

ஃபில்டருக்குள் நிஜமான கம்பிகள் கிடையாது, அந்த வேலையை மூலக்கூறுகள் செய்கின்றன. பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக் படலத்தை ஒரே பக்கமாக இழுத்து நீட்டி, அயோடினில் தோய்த்தால், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் எல்லாம் ஒரே வரிசையில் படுத்துக்கொள்ளும். இந்தச் சங்கிலிகளின் நீளவாக்கில் ஆடுகிற ஒளி அவற்றில் இருக்கிற எலக்ட்ரான்களை ஆட்டிவிட்டு அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். குறுக்காக ஆடுவது தப்பித்து வெளியே வரும். அதாவது கயிற்றுக் கதையில் கம்பியின் திசையில் ஆடுவது தப்பித்தது, இங்கே சங்கிலியின் திசையில் ஆடுவது மாட்டிக்கொள்கிறது. இந்த ஒரு இடத்தில் கயிற்றை விட்டுவிடுங்கள், மற்றபடி கணக்கு ஒன்றுதான். இப்படிப்பட்ட மெல்லிய படலத்தை 1938 வாக்கில் உருவாக்கியவர் அமெரிக்காவின் எட்வின் லேண்ட். போலராய்டு நிறுவனத்தை அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கியவரும் அவர்தான். அவருக்கு முன்னால் இந்த வேலைக்குப் பெரும்பாலும் கால்சைட் படிகத்தை வெட்டி ஒட்டிச் செய்த நிக்கல் பட்டகம்தான் இருந்தது. லென்ஸ் முன்னால் திருகி மாட்டுகிற பொருளா அது.

இதுவரை வந்தது சுருக்கமாக: ஒளி குறுக்காக ஆடுகிறது, சாதாரண ஒளியில் எல்லாப் பக்க ஆட்டமும் உண்டு, சில ஒளி ஒரே தளத்தில் ஆடுகிறது, போலரைசர் அந்த ஒரு தளத்தைக் குறிவைத்து நிறுத்தும்.

ஒளி எங்கே ஒரே பக்கமாக ஆட ஆரம்பிக்கிறது?

இதைத்தான் பெரும்பாலான விளக்கங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் வானம், தண்ணீர், இலை எல்லாவற்றுக்கும் ஒரே விதி போதும்.

ஒளி ஒரு பொருளின் மேல் பட்டால் அதில் இருக்கிற எலக்ட்ரான்களைத் தன் ஆட்டத்தின் திசையிலேயே ஆட்டிவிடும். ஆடுகிற எலக்ட்ரான் திரும்ப ஒளியை வெளிவிடும். நாம் பிரதிபலிப்பு என்பதும் சிதறல் என்பதும் இந்தத் திரும்ப வெளிவிடுதல்தான். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: எலக்ட்ரான் எந்தக் கோட்டில் ஆடுகிறதோ, அந்தக் கோட்டின் திசையில் அதனால் ஒளியை அனுப்ப முடியாது. பக்கவாட்டில்தான் அனுப்பும்.

இதை வைத்துக்கொண்டு காலை 6:30 மணிக்கு மொட்டைமாடியில் நில்லுங்கள். சூரியன் கிழக்கே அடிவானத்தில். ஒளி கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது, அதனால் காற்று மூலக்கூறுகளில் இருக்கிற எலக்ட்ரான்களை அது மேல்கீழாகவும் வடக்குத் தெற்காகவும் ஆட்டும். இப்போது தலையை அண்ணாந்து உச்சி வானத்தைப் பாருங்கள். அங்கிருந்து உங்கள் கண்ணுக்கு ஒளி மேலிருந்து கீழே வரவேண்டும். மேல்கீழாக ஆடுகிற எலக்ட்ரானால் கீழ்நோக்கி அனுப்ப முடியாதே. ஆக உங்களுக்கு வந்து சேருவது வடக்குத் தெற்கு ஆட்டம் மட்டும். உச்சி வானம் தளவிளைவு அடைந்துவிட்டது. வடக்கே பாருங்கள்: அங்கே வடக்குத் தெற்கு ஆட்டம் அடிபட்டு, மேல்கீழ் ஆட்டம் மட்டும் வரும். கிழக்கேயோ மேற்கேயோ பார்த்தால் இரண்டு ஆட்டமும் தடையில்லாமல் வந்துவிடும், அதனால் போலரைசருக்கு அங்கே பிடித்து நிறுத்த எதுவும் இல்லை.

நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. தேனீக்குத் தெரியும். மேகத்தில் சூரியன் மறைந்தாலும் ஒரு துண்டு நீல வானம் இருந்தால் போதும், அதன் தளவிளைவைப் பார்த்தே தேனீ திசை அறியும் என்பதைக் கார்ல் வான் ஃபிரிஷ் ஆராய்ந்து காட்டினார்.

தண்ணீரும் கோணமும்

1808-ல் பாரிஸில் எத்தியென் லூயி மாலஸ் என்ற பொறியாளர் லக்சம்பர்க் மாளிகையின் ஜன்னல்களில் தெறித்த சூரிய வெளிச்சத்தைக் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். அந்தப் படிகத்தில் எதுவும் இரண்டு பிம்பமாகத் தெரியும். திருப்பத் திருப்ப அந்த இரண்டும் மாறி மாறி மங்கின. பிரதிபலித்த ஒளிக்குத் தளவிளைவு உண்டு என்பது இப்படித்தான் தெரியவந்தது. பிறகு 1815-ல் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர், எந்தக் கோணத்தில் அது முழுமையாக நடக்கிறது என்ற விதியைக் கண்டுபிடித்தார். அதைப் புரூஸ்டர் கோணம் என்கிறோம். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து 53 டிகிரி, கண்ணாடிக்கு 56 டிகிரி அளவில் இருக்கும்.

படம் எடுக்கிறவருக்கு 53 டிகிரியை மனதில் வைத்துக்கொண்டு நிற்பது கஷ்டம். அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர்மட்டத்திலிருந்து கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கும் தண்ணீரில்தான் பிரதிபலிப்பு சுத்தமாகப் போகும். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் இரண்டு மீட்டர் தள்ளி. ஆறு மீட்டர் உயரப் பாலத்தின் மேல் நின்றால் எட்டு மீட்டர் தள்ளி. அதற்கு மிக அருகிலும் மிகத் தொலைவிலும் விளைவு குறைந்துகொண்டே போகும். நேர் கீழே குனிந்து உங்கள் முகத்தையே தண்ணீரில் பார்த்தால் ஃபில்டரை எவ்வளவு திருப்பினாலும் முகம் போகாது.

பிச்சாவரம் மாதிரி இடத்தில் படகில் உட்கார்ந்திருக்கும்போது இதைத் தெளிவாகப் பார்க்கலாம். படகை ஒட்டிய தண்ணீரிலும் தூரத்துத் தண்ணீரிலும் வானம் தெரியும், நடுவில் ஒரு பட்டையில் மட்டும் பிரதிபலிப்பு விலகி, சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் இறங்குவது தெரியும். ஆழமில்லாத, கலங்காத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே வித்தையை வைத்து ஒரு பெரிய கேள்விக்கு விடை கண்டவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் அதில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு சொல்லியிருந்தார். 1921-ல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்ற கப்பலில் திரும்பி வரும்போது ராமன் ஒரு நிக்கல் பட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புரூஸ்டர் கோணத்தில் கடலைப் பார்த்து, மேற்பரப்புப் பிரதிபலிப்பைத் துண்டித்துவிட்டார். ரேலே சொன்னது சரியென்றால் நீலமும் கூடவே போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆக நீலம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது, அங்கே மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆராய்ச்சிதான் 1928-ல் ராமன் விளைவுக்கும் 1930-ல் நோபல் பரிசுக்கும் கொண்டுபோனது. கடற்கரையில் நின்று போலரைசரைத் திருப்பும்போது தண்ணீரின் நிறம் ஆழமாவதைப் பார்க்கிறீர்களே, அது அவர் பார்த்த அதே காட்சி. ஃபில்டர் நீலம் பூசவில்லை, வானத்தை விலக்கிக் கடலைக் காட்டியது.

சுருக்கம்: பிரதிபலிப்பைப் போக்குவது சாய்வான கோணத்தில்தான் நடக்கும். நேருக்கு நேர் பார்த்தால் நடக்காது.

வானத்தை எங்கே தேடுவது?

மேலே சொன்ன மொட்டைமாடிக் கணக்கின் பொருள் இதுதான்: சூரியனிலிருந்து 90 டிகிரி விலகியிருக்கிற வானத்தில் விளைவு உச்சம். அதைக் கண்டுபிடிக்க எந்த ஆப்பும் வேண்டாம். கையைத் துப்பாக்கி மாதிரி வைத்துச் சுட்டுவிரலைச் சூரியன் பக்கம் நீட்டுங்கள், கட்டைவிரலை நிமிர்த்துங்கள். சுட்டுவிரலை அசைக்காமல் மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டுகிற வழியெல்லாம் அந்தப் பட்டை ஓடுகிறது. சூரியனை நேராகப் பார்க்காமல் நிழலை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். அது கிழக்குப் பார்த்த கோயில். காலையில் கோபுர வாசல் வழியாக உள்ளே நுழைந்து விமானத்தைப் பார்த்தால் வெயில் கல் மேல் அழகாக விழுந்திருக்கும், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். எல்லோரும் அங்கேதான் நின்று எடுப்பார்கள். ஆனால் விமானத்துக்குப் பின்னால் தெரியும் மேற்கு வானத்தில் தளவிளைவு மிகக் குறைவு, ஃபில்டர் அங்கே பெரிதாக எதுவும் செய்யாது. தென்புறப் பிராகாரத்துக்கு நடந்துபோய் வடக்கே பார்த்து எடுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் ஏறத்தாழ நேர் கிழக்கில் எழும் என்பதால் அந்த வானம் சரியாக 90 டிகிரியில் இருக்கும். வளையத்தைத் திருப்பியதும் நீலம் இறங்கி, மஞ்சளோடிய கருங்கல் தனியாக எழுந்து நிற்கும்.

நண்பகலில் கதை வேறு. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும் நாட்கள் உண்டு, அப்போது அந்த 90 டிகிரிப் பட்டை அடிவானத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடிவானத்தில் பெரும்பாலும் புழுதியும் ஈரப்பதமும்தான். அதனால் நண்பகலில் வானத்துக்காக இந்த ஃபில்டரை நம்பிப் போகாதீர்கள்.

மேகம் தனியாகத் துருத்துவதற்கும் காரணம் இதுதான். மேகத்தில் ஒளி பல துளிகளில் பலமுறை தெறித்து வருவதால் தளவிளைவு கலைந்துவிடும். நீலம் இருட்டாகிறது, மேகம் அவ்வளவாக ஆவதில்லை, இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது.

வைடு ஆங்கிள் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 16 மிமீ லென்ஸ் பக்கவாட்டில் ஏறத்தாழ 97 டிகிரியை விழுங்கும். அதாவது ஒரே படத்தில் விளைவு உச்சமாக இருக்கும் வானமும் விளைவே இல்லாத வானமும் சேர்ந்து வந்துவிடும், நடுவில் கரும்பட்டை போட்ட மாதிரி அசிங்கமாக. இதைப் பிறகு சரிசெய்வது பெரிய தலைவலி. 24 மிமீக்குக் கீழே போனால் நீல வானம் அதிகம் தெரியும்படி எடுக்காதீர்கள், அல்லது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்பவர்களுக்கும் இதே கதைதான்.

மழை மூட்டத்தில்தான் எனக்குப் பிடிக்கும்

"வெயிலில் மட்டும்தான்" என்பது இந்த ஃபில்டருக்கு நடந்திருக்கிற பெரிய அநியாயம். மேகமூட்டத்தில் வானத்தை மாற்ற முடியாது, உண்மைதான். ஆனால் இலையின் மேல் விழுகிற மூட்ட வெளிச்சம் தெறிக்கும்போது தளவிளைவு பெற்றுவிடுகிறது. விளைவைத் தருவது இலையின் பரப்பு, வானம் எப்படி இருந்தால் என்ன?

வால்பாறையில் மழை விட்ட நேரத்தில் தேயிலைச் சரிவைப் பாருங்கள். ஒவ்வொரு இலையும் நனைந்து, வெள்ளை வானத்தை வாங்கி, மலை முழுக்கச் சாம்பல் பூசியது போல இருக்கும். சாட்சுரேஷனைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பச்சை ஒருவிதமான பிளாஸ்டிக் நிறமாகும், வெள்ளை அப்படியே இருக்கும். போலரைசரைத் திருப்பினால் வெள்ளை போய், கொழுந்து ஒரு பச்சை, முற்றிய இலை வேறு பச்சை என்று தனித்தனியாகப் பிரியும். குற்றாலத்தில் அருவியை ஒட்டிய ஈரப் பாறையும் அப்படித்தான். பளபளப்பு அடங்கியதும் கல்லின் பழுப்பும் பாசியின் பச்சையும் வரும். ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் நான் இதை நீல வானத்துக்காக வாங்கச் சொல்ல மாட்டேன், மழைக்காடுகளுக்காகத்தான் சொல்வேன்.

லைட்ரூமில் செய்யலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. நீல வானத்தை மட்டும் இருட்டாக்குவது மென்பொருளில் எளிது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிரதிபலிப்பு மூடியிருந்த இடத்தில் கேமரா பதிவு செய்தது வெள்ளையைத்தான். அடியில் இருந்த கூழாங்கல்லும் இலை நரம்பும் சரியாகப் பதிவாகவே இல்லை. பதிவாகாததை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது.

எங்கே கைவிரிக்கும்?

பூச்சில்லாத உலோகத்தில் தெறிக்கும் ஒளிக்குத் தளவிளைவு குறைவு. கோபுரக் கலசத்தின் மின்னலும் பித்தளைக் குத்துவிளக்கின் மின்னலும் பெரிதாக மாறாது. பெயின்ட் அடித்த கார் மாறும், ஏனென்றால் அங்கே தெறிப்பது மேலிருக்கும் பெயின்ட் படலத்தில். கடை ஜன்னல் கண்ணாடியில் நேரே நின்றால் பயனில்லை, சாய்வாக நின்றால் உண்டு. விமான ஜன்னல் வழியாக எடுக்கும்போது ஃபில்டர் மாட்டாதீர்கள்: அந்த அக்ரிலிக்கில் இருக்கும் அழுத்தமெல்லாம் வண்ண வண்ணக் கோடுகளாக வந்துவிடும். அடர்ந்த பனிமூட்டத்தை இது கலைக்காது, லேசான புகைமூட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

வானவில்லில் கவனம் தேவை. மழைத்துளிக்குள் ஒளி திரும்புவது புரூஸ்டர் கோணத்துக்குப் பக்கத்தில் என்பதால் வானவில்லின் ஒளி பலமாகத் தளவிளைவு பெற்றது. தவறான பக்கம் திருப்பினால் வானவில்லே காணாமல் போகும். சரியான பக்கம் திருப்பினால் பின்னணி மங்கி, வில் தூக்கலாக வரும்.

பிரதிபலிப்பு வேண்டும் என்கிற இடமும் உண்டு. மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில் நடுமண்டபத்தின் நிழல் தண்ணீரில் விழுவதுதான் படமே. அங்கே முழுதாகத் திருப்பிப் போக்கிவிட்டு வெறும் பச்சைத் தண்ணீரை எடுப்பதில் அர்த்தமில்லை. எதிர்ப் பக்கம் 90 டிகிரி திருப்பினால் பிரதிபலிப்பு இன்னும் கொஞ்சம் எடுப்பாகவே தெரியும்.

வெளிச்சத்தில் போகும் பங்கு

சமமாகக் கலந்த ஒளியில் பாதியை எந்தப் போலரைசரும் விழுங்கித்தான் ஆகவேண்டும். நடைமுறையில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் போகும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. இரண்டு ஸ்டாப் போனால் 1/250 நொடி இருந்த ஷட்டர் 1/60-க்கு வந்துவிடும், அல்லது ஐஎஸ்ஓ 100-லிருந்து 400-க்கு ஏறும். கேமரா தானாகவே சரிசெய்துகொள்ளும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை, பிறகு படம் ஆடிவிட்டது என்று லென்ஸைக் குறை சொல்வார்கள். பறக்கிற பறவை, மாலை மங்கல், வீட்டுக்குள் எடுக்கும் படம் இதற்கெல்லாம் கழற்றிவிடுங்கள். அருவிக்கு இதுவே வசதி: 1/15 நொடி 1/4 ஆகும், தண்ணீர் பட்டுநூலாக இறங்கும்.

அப்புறம் அந்த சிபிஎல் என்ற பெயர். சர்க்குலர் போலரைசர் என்பதன் சுருக்கம் அது. வட்டமாக இருப்பதால் வந்த பெயர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முன்பக்கம் நாம் பார்த்த அதே போலரைசர்தான். அதன் முதுகில் இன்னொரு மெல்லிய படலம் இருக்கிறது, அது வெளிவரும் ஒளியின் ஆட்டத்தைச் சுழல வைத்து லென்ஸுக்குள் அனுப்பும். டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸுக்கும் வெளிச்சம் அளப்பதற்கும் பாதி ஒளியை விடுகிற கண்ணாடிகள் உள்ளே உண்டு, ஒரே தளத்து ஒளி போனால் அவை குழம்பும். அதற்காக வந்த ஏற்பாடு இது. அந்தக் கண்ணாடிகள் இல்லாத மிரர்லெஸ் கேமராவில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் கடையில் கிடைப்பது சிபிஎல் என்பதால் அதையே வாங்கிவிடுங்கள். முதுகுப் படலம் இல்லாத சாதாரணப் போலரைசரும் சிபிஎல்லும் போக்குகிற பிரதிபலிப்பில் வித்தியாசம் கிடையாது.

வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடலாம். ஃபில்டரின் முன்பக்கம் எல்சிடி திரையைப் பார்க்கும்படி பிடித்து, லென்ஸில் மாட்டும் பக்கத்திலிருந்து பார்த்தபடி திருப்புங்கள். எல்சிடி திரையின் ஒளி ஒரே தளத்தில் ஆடுவது என்பதால் ஒரு நிலையில் நல்ல கறுப்பாக வேண்டும். வெறும் நரைத்த சாம்பல்தான் வருகிறது என்றால் வைத்துவிட்டு வாருங்கள். பல லென்ஸ் இருந்தால் அவற்றில் பெரிய வாய் எதுவோ, 77 மிமீ என்று வைத்துக்கொள்வோம், அதற்கு ஒன்று வாங்கி மற்றவற்றுக்கு, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவுகிற ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்வது சிக்கனம். ஏற்கெனவே இருக்கிற யுவி ஃபில்டர் மேல் இதை மாட்டாதீர்கள், மூலைகள் கறுக்கும், தேவையில்லாத ஒளித் தெறிப்பும் வரும்.

கையில் எடுத்ததும்

முன்வளையத்தை எப்போதும் இறுக்கும் பக்கமாகவே திருப்பிப் பழகுங்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் அது கடிகாரச் சுற்றுக்கு எதிர்த் திசை. மறுபக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் திருகு கழன்று ஃபில்டர் பாறையில் விழும். விளைவு உச்சத்திலிருந்து கால் சுற்றில் பூஜ்யமாகி, அரைச் சுற்றில் மறுபடி உச்சத்துக்கு வரும், எனவே முழுச்சுற்றுத் தேவைப்படாது. கேமராவைப் படுக்கையிலிருந்து நிமிர்த்திப் பிடித்ததும் வளையத்தை மறுபடி திருப்ப வேண்டும். இதை மறப்பதால்தான் நிமிர்ந்த படங்கள் மட்டும் வெளிறி வருகின்றன.

உச்சம் வரை போக வேண்டும் என்று கட்டாயமில்லை. கொடைக்கானல் போன்ற உயரத்தில், காற்று சுத்தமாக இருக்கும் காலையில், வானம் ஏற்கெனவே ஆழ்ந்த நீலம். அங்கே முழுதாகத் திருப்பினால் பகலிலேயே இருட்டியது போலாகும். உச்சத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிறுத்துவதுதான் என் வழக்கம். ஈர இலையிலும் எல்லா மினுமினுப்பையும் துடைத்துவிட்டால் மழை பெய்த இடம் என்றே தெரியாது, ஒரு துளிப் பளபளப்பு மிச்சம் இருக்கட்டும்.

முதல் தடவை பழக வேறெங்கும் போக வேண்டாம், பக்கத்தில் இருக்கிற குளமோ ஏரியோ போதும். மாலை நாலரை ஐந்து மணிக்கு, சூரியன் உங்கள் இடதோ வலதோ தோளுக்கு நேராக வரும்படி கரையில் நில்லுங்கள். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீரைப் பார்த்து வளையத்தை ஒரு கால் சுற்றுத் திருப்புங்கள், தரை தெரிகிறதா பாருங்கள். அடுத்து எதிரே இருக்கும் வானத்தைப் பார்த்து அதே மாதிரி. பிறகு சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, எதிரே தெரியும் வானத்தில் மறுபடி திருப்பிப் பாருங்கள். தோளில் சூரியன் இருந்தபோது கிடைத்ததையும் முதுகில் இருந்தபோது கிடைத்ததையும் அடுத்தடுத்து எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.